கரண்டி பிடித்தவர் கற்பிக்கட்டும்

(மைசூரில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கணினி, கட்டுமானம், சமையல் ஆகிய மூன்று துறைகளை எடுத்துக்கொள்கிறேன். பத்தாவதோடும் பன்னிரண்டாவதோடும் படிப்பை விட்ட பிள்ளைகள் பிழைப்புத் தேடி இந்த ஊரில் போய்ச் சேரும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

கட்டுமானத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த ஊரின் பழைய லான்ஸ்டவுன் கட்டடத்தை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2012 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி இடிந்து 4 பேர் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பக்கம் சரிந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, பழுது பார்த்துக் காப்பாற்றுவதா என்ற வழக்கு அன்றிலிருந்து ஓயவில்லை. அந்த வழக்குக்குள் நான் போகப்போவதில்லை. காப்பாற்றுவது என்றே முடிவாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் சாரம் கட்டி ஏற யாரைக் கூப்பிடுவோம்?

அவை சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவர்கள். காரைச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடவும் செய்யும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். உப்புப் பூக்கும், செங்கல் உதிரும், சில மழைக்காலம் போனதும் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். ஆகவே பழைய சுவருக்குப் பழைய காரைதான் வேண்டும். சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, மணலோ செங்கல் தூளோ கூட்டி அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத்தையும் அளவறிந்து சேர்க்க வேண்டும். பூசிய பிறகு அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாக இறுகும். சரியாக நீறாத குருணை உள்ளே இருந்துவிட்டால் பூசிய பின் அது பொரிந்து பூச்சைத் தள்ளும். பதம் வந்ததா இல்லையா என்பதை விரலால் தொட்டுச் சொல்லும் ஆள் தேவை. 1911இல் தொடங்கிய கண்ணம்பாடி (கிருஷ்ணராஜ சாகர்) அணையே சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கியில் எழுந்ததுதான். அந்த அணை இந்த ஊரிலிருந்து ஒரு காலைப் பயணம்கூட இல்லை. ஆனால் அந்தக் காரையைக் கூட்டத் தெரிந்த கைகள் இன்று அருகிவிட்டன. தெரிந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள முறையான இடம் ஒன்று நம்மிடம் இல்லை.

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு இப்படிப்பட்ட இடைவெளிக்காகத்தான் வந்தது. ஊருக்கு என்ன வேலை தேவையோ அதை, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, கட்ட முடிகிற கட்டணத்தில், வயது வரம்பு பார்க்காமல் கற்பிக்கும் கல்லூரி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901இல் தொடங்கிய கல்லூரியை இந்த வகைக்கு மூத்ததாகச் சொல்வார்கள். அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947இல் தந்த அறிக்கைதான் இந்தப் பெயரை நாடெங்கும் பரப்பியது. அங்கே இரண்டாண்டு படித்துவிட்டு வேலைக்குப் போகலாம், அல்லது பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். இந்த இரண்டாவது வழியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததற்கு அது முக்கியம்.

இந்தியாவில் இது வேர் பிடித்தது தமிழ் மண்ணில். 1995இல் புதுச்சேரியில் முதல் சமுதாயக் கல்லூரி, அடுத்த ஆண்டே சென்னையில் இன்னொன்று. இயேசு சபைத் துறவியான சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். பள்ளியில் தோற்ற பிள்ளையை முதலில் நிமிர்ந்து நின்று பேச வைப்பது, அப்புறம் தொழில் கற்பிப்பது, அப்புறம் ஒரு வேலையிடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது என்பதே அவர்கள் முறை. 2009இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதைப் பெரிய அளவில் கையில் எடுத்தது. சில ஆண்டுகளிலேயே அதை நிறுத்தியும் வைத்தது. 2013-14இல் பல்கலைக்கழக மானியக் குழு புதிய திட்டத்தோடு வந்தது. ஓராண்டுப் பட்டயத்துக்கு 60 மதிப்பலகு, அதில் 36 தொழிலுக்கு, 24 பொதுக் கல்விக்கு என்பது அந்தக் கணக்கு. திட்டங்கள் இப்படி வந்து வந்து போகும்போது, நடுவில் சான்றிதழ் வாங்கிய பிள்ளையின் கையில் இருக்கும் தாளுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை எந்த அறிக்கையும் போதுமான அக்கறையோடு கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இனி, தமிழர் கூடிய அவையில் தொழிற்கல்வி என்று வாயெடுத்தால் முதலில் பதில் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டி நாடே அதை எதிர்த்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஒரு பிள்ளை என்ன ஆக வேண்டும் என்பதை அது பிறந்த வீடு முடிவு செய்யக் கூடாது. இதில் நான் ஓர் அங்குலமும் பின்வாங்கத் தயாராக இல்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்காக விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது, குடும்ப வழித் தொழில் என்ற நிபந்தனையைக் காட்டி, அந்த வடிவில் அதைச் செயல்படுத்தமாட்டோம் என்று தமிழக அரசு 2024இல் மறுத்ததும் அதே நினைவிலிருந்துதான்.

ஆனால் அந்த நியாயமான கோபத்தின் நிழலில் இன்னொன்றும் நடந்துவிட்டது. கைத்தொழிலைக் கற்பிப்பதே தாழ்த்துவது என்ற எண்ணம் நடுத்தர வீடுகளில் ஊன்றிவிட்டது. அதன் விளைவைப் பாருங்கள். கொத்து வேலை ஒழிந்துவிடவில்லை. அதைச் செய்பவர்கள் மாறவும் இல்லை. அதே குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியை விட்டதும் அதே தொழிலுக்குத்தான் போகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், வகுப்பறை இல்லாமல், சான்று இல்லாமல், மேலே போகும் வழி இல்லாமல் போகிறார்கள். குலக்கல்வியைச் சட்டத்தில் ஒழித்தோம், சந்தையில் விட்டுவைத்திருக்கிறோம். சமுதாயக் கல்லூரி நேர்மையாக நடந்தால் இதற்கு மாற்று அதுவே. கொத்தனார் மகள் கணினி வகுப்பில் உட்கார வேண்டும், குமாஸ்தா மகன் கரணை பிடிக்க வேண்டும், யார் வீட்டுப் பிள்ளையும் அடுப்படிக்கு வர வேண்டும். ஒரு சமுதாயக் கல்லூரி நல்லதா என்று யாராவது என்னைக் கேட்டால் வேலைவாய்ப்புக் கணக்கை அப்புறம் பார்ப்பேன். முதலில் வருகைப் பதிவேட்டை எடுத்து, எந்தத் தெருப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

நம் நாட்டில் இது முதல் முயற்சியும் அல்ல. இந்த ஊரிலேயே அதற்கான சாட்சி நிற்கிறது. 1952-53இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்று சொன்னது. ஒரே வளாகத்தில் அறிவியலும் இருக்கும், தொழில்நுட்பமும் இருக்கும், வேளாண்மையும் வணிகமும் மனையியலும் நுண்கலையும் இருக்கும். பிள்ளை தன் நாட்டத்துக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம். பள்ளிகள் திறந்தார்கள். பட்டறைக்கு இயந்திரங்களும் வந்தன. கற்பிக்க ஆள் இல்லை. அந்த ஆசிரியர்களை உருவாக்கத்தான் 1963இல் நாட்டில் நான்கு இடங்களில் மண்டலக் கல்விக் கல்லூரிகளைத் தொடங்கினார்கள். அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர். மானசகங்கோத்ரி பக்கம் இருக்கும் மண்டலக் கல்வி நிறுவனம் பிறந்த கதை இதுதான். இன்று அது சிறந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக நடக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அது எந்தப் பள்ளிகளுக்காகப் பிறந்ததோ அந்தப் பல்நோக்குப் பள்ளிகள் இன்று இல்லை.

ஏன் இல்லை? எனக்குத் தெரிந்தவரை இரண்டு காரணம். தொழில் பிரிவில் படித்த பிள்ளைக்கு மேற்படிப்பில் சரியான இடமில்லை. எங்கே போனாலும், நீ அந்தப் பிரிவா என்று ஒதுக்கினார்கள். வழி அடைபட்ட படிப்பில் எந்தப் பெற்றோர் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? இரண்டாவது காரணம் ஆசிரியர். பட்டறைப் பாடத்துக்கும் பட்டம் பெற்றவரையே தேடினார்கள். தொழில் செய்தவரிடம் பட்டம் இல்லை. பட்டம் பெற்றவர் அந்தத் தொழிலைச் செய்ததில்லை. 1986 கல்விக் கொள்கை மேல்நிலை மாணவர்களில் 10 விழுக்காட்டினரை 1990க்குள், 25 விழுக்காட்டினரை 1995க்குள் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவருவோம் என்றது. ஆறே ஆண்டில் அந்தக் கெடுவைத் தள்ளிப்போட வேண்டி வந்தது. குறைகள் அதே இரண்டுதான். 2020 கொள்கையும் பெரிய எண்களோடு வந்திருக்கிறது. எண்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அந்த இரண்டு குறையையும் தீர்த்தார்களா என்பதை மட்டும் பார்க்கிறேன்.

தொழிலைத் தொழிலிடத்திலேயே கற்றுக்கொள்ளலாமே, கல்லூரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. எங்கள் மேஸ்திரி எந்தக் கல்லூரியில் படித்தார் என்பார்கள். படிக்கவில்லை. ஆனாலும் மனையில் கயிறு கட்டும்போது அவர் செய்வதைப் பாருங்கள். ஒரு கயிற்றில் 3 அடியில் ஒரு குறி, அடுத்த கயிற்றில் 4 அடியில் ஒரு குறி, இரண்டுக்கும் இடையே குறுக்கே 5 அடி வருகிறதா என்று டேப்பை வைப்பார். வந்தால் மூலை சரி. வராவிட்டால் முளையைத் தட்டி நகர்த்துவார். எட்டாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்து மறந்த தேற்றம் அது. அவருக்கு அது கையில் இருக்கிறது. இப்படிப்பட்டவருக்குக் கல்லூரி என்ன தந்துவிடும்?

ஒன்று சொல்கிறேன். தளம் போட்டால் ஏழு நாள் தண்ணீர் நிறுத்து என்பது மேஸ்திரிகள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. பழைய சாதா சிமெண்டுக்கு அது சரி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 குறைந்தது 7 நாள் என்றுதான் சொல்கிறது. ஆனால் இன்று கடையில் கேட்டால் கொடுக்கும் மூட்டை பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. மூட்டையின் மேலேயே அச்சிட்டிருக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் சிமெண்டோடு மெதுவாகத்தான் சேரும், அதற்குக் கூடுதல் நாள் ஈரம் வேண்டும். அதே தர நிர்ணயம் இந்த வகைக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது, வெயில் காலத்தில் இன்னும் நீட்டச் சொல்கிறது. மூட்டைக்குள் இருக்கும் பொருள் மாறிவிட்டது, சொல்லிக்கொடுத்த கணக்கு மாறவில்லை. ஏழாம் நாள் பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு மேல்வேலைக்குப் போகிறார்கள். வீட்டுக்காரருக்கும் தெரியாது, மேஸ்திரியிடமும் யாரும் சொல்லவில்லை. தளம் தன் முழு வலுவுக்கு வராமலே நிற்கும். ஈரம் கசியத் தொடங்கும்போது கொத்தனாரின் கைராசியைக் குறை சொல்வோம். கையிலிருந்து கைக்கு மாறும் அறிவு மதிக்கத்தக்கது. ஆனால் பொருள் மாறும்போது அந்தச் செய்தி கையிலிருந்து கைக்கு வராது. அதற்கு ஒரு வகுப்பறை வேண்டும். அந்த வகுப்பறைக்கு மேஸ்திரியும் வர வேண்டும், மாணவராகவும் ஆசிரியராகவும்.

சமையலுக்கு வருகிறேன். மைசூரை விட இதற்குப் பொருத்தமான ஊர் இந்தியாவில் குறைவு. இளவரசி செலுவாஜம்மண்ணிக்காகக் கட்டிய மாளிகையில் 1950 அக்டோபரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்ரமணியன். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறை அங்கேதான் உருவாயிற்று, அமுல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கிருந்து போன பிறகு சுப்ரமணியன் தஞ்சை மண்ணில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். தஞ்சாவூரில் இன்று இருக்கும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் அந்த வித்திலிருந்து வளர்ந்ததே. 1979 முதல் மைசூர் வளாகத்தில் மாவரைக்கும் தொழிலுக்கென்றே ஒரு பள்ளியும் நடக்கிறது. அரைவை ஆலை நடத்தக் கற்க வெளிநாடுகளிலிருந்தும் அங்கே ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பள்ளியை நான் பெரிதும் மதிக்கிறேன். மாவரைப்பதை ஒரு படிப்பாக, பட்டறையோடும் பரிசோதனைக் கூடத்தோடும் சேர்த்துக் கற்பிக்கலாம் என்று அது காட்டியிருக்கிறது.

ஆனால் அந்த மதிலுக்கு வெளியே, சயாஜி ராவ் சாலையிலும் சந்தைப் பேட்டையிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் இருக்கும் ஓட்டல்களின் அடுப்படிக்கு அந்த அறிவு எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது? சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் ஒரு நுண்ணுயிரி உண்டு, பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். அதன் வித்துகள் கொதியில் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. மதியம் மிஞ்சிய சோற்றை அண்டாவிலேயே மூடிவைத்து, ராத்திரி எலுமிச்சையோ புளிக்காய்ச்சலோ கிளறிச் சூடாகப் பரிமாறினால் சரியாகிவிடும் என்று நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள். செய்ய வேண்டியது, சோற்றை அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது. சோறு 5 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது 60 பாகைக்கு மேலே. இடையில் உள்ள சூட்டில்தான் கிருமி பெருகும். ஒரு வெப்பமானியும் ஓர் அகலத் தட்டும் போதும். இதைச் சரக்கு மாஸ்டருக்குச் சொல்வதற்கு விஞ்ஞானி வர வேண்டியதில்லை. இதைப் படித்த இன்னொரு சரக்கு மாஸ்டர் சொன்னால் அவர் கேட்பார். அவருடைய உழைப்பும் நேரமும் என்ன என்று தெரிந்தவர் சொல்வதால் கேட்பார்.

சமையல் படிப்பு என்றால் வெள்ளைத் தொப்பியும் ஐந்து நட்சத்திர விடுதியும்தான் பலர் நினைவுக்கு வருகின்றன. ஐ.டி.ஐ.யில் உணவுத் தயாரிப்பு ஓராண்டுப் பயிற்சியாகவே இருக்கிறது, பத்தாவது தேறியவர்கள் சேரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஐரோப்பியச் சாறும் ரொட்டியும் கற்றுக்கொண்ட பிள்ளை நம் ஊர் ஓட்டலில் போய் நின்றால், நூறு பேருக்குச் சாம்பார் கூட்டத் தெரியாமல் திகைக்கும். சாம்பார் தெரிந்த மாஸ்டரிடம் படிப்பு இல்லை. திரும்பத் திரும்ப அதே சிக்கல்.

கணினியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஹெப்பாள் பக்கம் இன்போசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் இருக்கிறது. ஒரே சமயத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் தங்கிப் படிக்கலாம். நிறுவனப் பயிற்சி மையங்களில் உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. அங்கே வருபவர்கள் பெரும்பாலும் பொறியியல் பட்டதாரிகள், நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள். அதே ஊரில் ஐ.டி.ஐ. முடித்துக் கணினி இயக்குநர் சான்றிதழோடு நிற்கும் பெண்ணுக்கு என்ன வேலை? இதுவரை தரவு உள்ளீடு, தட்டச்சு. அந்த வேலைகள் கண்முன்னே சுருங்கி வருகின்றன. கணினிப் பாடம் மற்ற எல்லாவற்றையும் விடச் சீக்கிரம் பழையதாகும். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை திரும்பி வந்து படிக்க வழியில்லாத கணினிப் படிப்பு ஏமாற்றுதான் என்பேன்.

ஆனால் இந்த ஊரில் எனக்கு நம்பிக்கை தருவதும் கணினி வகுப்பு ஒன்றுதான். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் 1991இல் தொடங்கிய பாலிடெக்னிக். கணினி அறிவியல், கட்டட வரைவு, நகை வடிவமைப்பு என்று அங்கே பட்டயப் படிப்புகள் உள்ளன. காது கேளாத பிள்ளை கணினியில் கட்டட வரைபடம் போடுகிறது. இந்தப் பிள்ளையால் இது முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல், கற்பிக்கும் முறையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வளாகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூன்று துறையையும் ஒரே சமுதாயக் கல்லூரியில் வைத்தால் ஒரு பலன் உண்டு. தனித்தனிப் பயிற்சி மையங்களால் முடியாத ஒன்று அது. மானியக் குழு சொல்லும் பொதுக் கல்விக்கான அந்த 24 மதிப்பலகை ஆங்கில இலக்கணத்திலும் பொது அறிவிலும் கரைத்துவிடாமல், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று காட்டப் பயன்படுத்தலாம். ஒரு கனமீட்டர் செங்கல் கட்டுக்கு நிலையான அளவுச் செங்கல் ஏறத்தாழ 500 வேண்டும். இந்தக் கணக்கையும் சிமெண்ட், மணல், கூலியையும் விரிதாளில் போட்டு மதிப்பீடு தயாரிக்கக் கொத்துப் பிரிவுப் பையன் கற்றுக்கொண்டால், அவன் நாளைக்குக் கூலி ஆளாக நிற்கமாட்டான், ஒப்பந்தக்காரராக நிற்பான். ஒரு தட்டுச் சாப்பாட்டின் அடக்க விலை போடத் தெரிந்த சமையல் மாணவிதான் தன் பெயரில் கடை வைப்பாள். கணினிப் பிரிவுப் பிள்ளைக்கும் பயிற்சிப் புத்தகத்துப் பொய்க் கணக்குகள் வேண்டாம். பக்கத்து அறைச் சமையல் கூடத்தின் சரக்கு இருப்பும் பில்லும் அவளுக்கு நிஜமான வேலை. தவறு செய்தால் அன்று மாலையே அடுப்படியிலிருந்து ஆள் வந்து கேட்பார்கள். அதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் யார் ஆசிரியர்? 2022இல் மானியக் குழு ஒரு விதி கொண்டுவந்தது. தன் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவரை, பட்டம் இல்லாவிட்டாலும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்குள் தொழில்முறைப் பேராசிரியராக அமர்த்தலாம். மிக நல்ல விதி. ஆனால் அதை எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தவர்கள் நிறுவனத் தலைவர்களும் அதிகாரிகளும் என்று அதன் வாசகமே சொல்கிறது. மூத்த பதவியில் இருந்தவராக இருந்தால் நல்லது என்கிறது. முப்பது ஆண்டு சாரத்தின்மேல் நின்ற கொத்தனாருக்கு என்ன பதவி? ஜெர்மனியில் ஒரு தொழிலில் மாஸ்டர் தேர்வு எழுதித் தேறியவர் பழகுநர்களை வைத்துக் கற்பிக்க உரிமை பெறுகிறார். அந்தத் தகுதியை நாட்டின் தகுதி வரிசையில் இளங்கலைப் பட்டத்துக்குச் சமமான படியில் வைத்திருக்கிறார்கள். தச்சரும் ரொட்டி சுடுபவரும் அந்தப் படியில் நிற்கிறார்கள். நாமும் செய்யலாம். பெரிய சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. சமுதாயக் கல்லூரிகளுக்கு மட்டுமாவது, மூத்த பதவி என்பதற்குப் பதிலாக, தன் கையால் பழக்கிவிட்ட ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்கும்படி விதியை எழுதினால் போதும்.

அவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்து விருந்தினர் என்று பெயர் வைப்பதை நான் எதிர்க்கிறேன். மேசை கொடுங்கள், பெயர்ப்பலகை கொடுங்கள், மதிப்பெண் போடும் உரிமை கொடுங்கள். பட்டம் பெற்ற ஆசிரியர் பக்கத்தில் நின்று தர நிர்ணயத்தையும் கணக்கையும் சொல்லட்டும். இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் வகுப்பில்தான், ஏழு நாளா பத்து நாளா என்ற கேள்வி பிள்ளைகள் எதிரிலேயே தீரும்.

இன்னொன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. நம் கட்டுமான இடங்களில் பெண்கள் பாதிப் பாரம் சுமக்கிறார்கள். பதினெட்டு வயதில் சித்தாளாக வந்தவர் ஐம்பது வயதிலும் சித்தாளாகவே இருக்கிறார். அவர் பக்கத்தில் கலவை தூக்கிய பையன் ஐந்து ஆண்டில் கொத்தனாராகிவிடுகிறான். அவன் கையில் யாரோ ஒரு நாள் கரணையைக் கொடுத்தார்கள், அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் இயக்கத்தின்போது பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கினார்கள், ராணி மிஸ்திரி என்று அவர்களை ஊரே அழைத்தது. அகமதாபாத்தில் சேவா சங்கம் கட்டுமானப் பெண்களுக்காகக் கர்மிகா என்ற பள்ளியையே நடத்தியது. முடியும் என்று தெரிந்துவிட்டது. மைசூரில் கொத்துப் பிரிவு தொடங்குபவர்கள் முதல் ஆண்டிலேயே பாதி இடத்தைச் சித்தாள்களுக்கு ஒதுக்க வேண்டும், படிக்கும் நாளுக்கு அவர்கள் இழக்கும் கூலியையும் கொடுக்க வேண்டும். கூலி இல்லாத பயிற்சி ஏழைக்குப் பயன்படாது. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி என்று கட்டடம் கட்டுபவர்களிடம் வரி வாங்குகிறார்கள். அது அவர்கள் பெயரில் வாங்கிய பணம்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் ஓட்டல் உரிமையாளர்களுக்கும் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 1961 தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பழகுநரை எடுத்தாக வேண்டும். ஆனால் 4 பேர் வேலை செய்யும் சின்ன ஓட்டலும் விரும்பினால் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2016இல் வந்த ஊக்குவிப்புத் திட்டம் உதவித்தொகையின் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்கும் என்றது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை உங்கள் அடுப்படியில் பாதி நாள் நிற்கட்டும். உங்கள் மாஸ்டரைக் கல்லூரி வாரத்தில் ஒரு நாள் கேட்டால், சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்பிவையுங்கள். தேவராஜ மார்க்கெட் விஷயத்தில் மாநகராட்சி என்ன முடிவு செய்தாலும், இந்த ஊரில் காப்பாற்ற வேண்டிய காரைக் கட்டடங்கள் இன்னும் எத்தனையோ உள்ளன. அவற்றில் ஒன்றின் பின்புறத்தில் ஒரு சுண்ணாம்புத் தொட்டியும் ஓர் அரைவை இடமும் போட்டு, காரை வேலை தெரிந்த இரண்டு பேரை ஆசிரியராக அமர்த்தி, பத்துப் பிள்ளைகளோடு தொடங்கலாம். இடத்துக்கும் பணத்துக்கும் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த அவையில் இருக்கும் பெரியவர்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கேள்வி நேரம் இருக்கிறது என்கிறார்கள். வேலைச் சீருடையோடு வந்து பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் நண்பர்கள் முன்னால் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் கேள்வி உங்களிடமிருந்து வரட்டும்.